மீசை வேண்டாம், மணமகள் வேஷம் கொடுங்கள்

எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஆண்டு விழாவில் வேலூர்ப் புரட்சி நாடகம் போட்டோம். 1806 ஜூலை 10, வேலூர்க் கோட்டைக்குள் இந்தியச் சிப்பாய்கள் கம்பெனி அதிகாரிகள் மீது துப்பாக்கியைத் திருப்பிய நாள். அதற்கு முந்தைய நாள், கோட்டையில் காவலில் வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தான் குடும்பத்தில் ஒரு கல்யாணம். மணமகள் திப்புவின் மகள்களில் ஒருத்தி. எங்கள் நாடகத்தில் பெண் வேஷம் என்று இருந்தது அந்த மணமகள் ஒன்றுதான்.

நான் கை தூக்கினேன். மொத்த நாடகத்தின் வசனமும் எனக்கு மனப்பாடம். டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு மீசை நல்லா எடுக்கும்டி" என்று சொல்லிச் சிரித்தார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய? மணமகள் வேஷம் வகுப்பிலேயே சிவப்பான பெண்ணுக்குப் போனது. அவளுக்கு வசனம் வராது. அதனால் மணமகள் கடைசிவரை வாய் திறக்காமல் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். நான் கரிக்கோட்டு மீசையோடு முதல் குண்டைச் சுட்டேன்.

சரித்திர நாடகம் என்றால் அன்றிலிருந்து எனக்கு இதுதான் அர்த்தம். சண்டை போட எங்களைக் கூப்பிடுவார்கள். சாகக் கூப்பிடுவார்கள். காதலிக்கப்பட மட்டும் கூப்பிட மாட்டார்கள்.

எங்கள் ஊர் ஆம்பூர். பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று பாலாற்றங்கரையோரம் நீளும் பட்டையில் தோல் என்றால் முதலில் தொழில், அப்புறம்தான் நிறம். டேனரியில் தோலை விரித்துப் போட்டு, ஓட்டை இருக்கிறதா, கீறல் இருக்கிறதா என்று பார்த்துத் தரம் பிரிப்பார்கள். முதல் தரம் வெளிநாட்டுக்கு. மனிதத் தோலுக்கும் அப்படி ஒரு தரம் பிரிப்பு நடக்கிறது என்பதை எங்களுக்கு யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. தொலைக்காட்சியைப் போட்டால் போதும்.

2022 மார்ச்சில் 'பிரிட்ஜர்டன்' தொடரின் இரண்டாம் பருவம் வந்தபோது அதை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். அம்மா ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவர். ஐரோப்பாவுக்குப் போகும் ஷூக்களின் மேல்பாகத்தைத் தைத்தவர். கதை நடப்பது 1814, லண்டன். இந்தியாவிலிருந்து வரும் கேட் ஷர்மா, அவள் தங்கை எட்வினா. கேட்டாக சிமோன் ஆஷ்லி, எட்வினாவாக சரித்ரா சந்திரன். இரண்டு பேரும் தமிழ்க் குடும்பத்துப் பெண்கள். கேட் குதிரையில் வந்து இறங்கியதும் அம்மா முதலில் பார்த்தது பூட்ஸை. "நல்ல தையலு" என்றார். அப்புறம் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. "இது நம்ம தெருவு பொண்ணு மாதிரிக்குதுடி" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "இதையா அந்த வெள்ளைக்காரன் கட்டிக்கிறான்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில் இருந்த 'இதையா'தான் நான் இந்தக் கட்டுரையை எழுதக் காரணம். அம்மா அந்தப் பெண்ணை இழிவாகச் சொல்லவில்லை. தன்னைப்போல் இருக்கும் ஒருத்தியை யாராவது ஏங்கிப் பார்ப்பதை அறுபது வயதுவரை அவர் திரையில் கண்டதே இல்லை.

ஆகவே முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். ஜூலியா குயின் 2000இல் எழுதிய நாவலில் கேட் வெள்ளைக்காரி. பெயர் கேட் ஷெஃபீல்டு. தொடரை எடுத்தவர்கள் அவளை இந்தியப் பெண்ணாக்கினார்கள். கறுத்த பெண்ணைக் கதையின் நடுவில் நிறுத்தினார்கள். அவள் கோபப்படுகிறாள், தங்கைக்குத் தலையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறாள், ஒருவனை மூச்சுத் திணற வைக்கிறாள். அவளை வெளுக்க வைத்துக் காட்டவில்லை. நம்மூரில் இதுவரை எந்தச் சரித்திரத் தொடர் இதைச் செய்திருக்கிறது?

இப்போது விலைக்கு வருகிறேன். கேட் தன் தகப்பனை 'அப்பா' என்கிறாள். தங்கையை வங்காளிபோல் 'போன்' என்கிறாள். தங்கை அவளை 'தீதி' என்கிறாள். குடும்பப் பெயர் ஷர்மா. தோல் எங்களுடையது, பூணூல் பெயர் அவர்களுடையது. பன்முகம் என்ற பெயரில் வெள்ளைக்காரத் தயாரிப்பாளர்கள் நிறத்தைக் கணக்கில் எடுத்தார்கள். சாதி என்று ஒன்று இருப்பது அவர்கள் கணக்கிலேயே வரவில்லை. வந்திருந்தால், ஒரு பிராமணக் குடும்பப் பெண் 1814இல் இங்கிலீஷ்காரனைக் கட்டிக்கொள்வது அவள் வீட்டில் எவ்வளவு பெரிய பூகம்பம் என்றாவது கதையில் ஒரு காட்சி இருந்திருக்கும்.

இதைவிடப் பெரிய விலை ஒன்று உண்டு. முதல் பருவத்தில் லேடி டான்பரி என்ற கறுப்பினச் சீமாட்டி ஒரு விளக்கம் தருகிறாள்: நிறத்தால் பிரிந்து கிடந்த சமூகம், ராஜா ஒரு கறுப்பின ராணியைக் காதலித்ததால் ஒன்றாகிவிட்டது. 2023இல் வந்த 'குயின் சார்லட்' தொடர் முழுக்கவே இந்தக் கற்பனைதான். ஒரு ராஜா காதலித்தால் போதும், எல்லாக் கதவும் திறந்துவிடும்! பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல்தான் நிறைவேறியது. கேட் நடனமாடும் 1814இல் அந்த மாளிகைகளுக்குச் சர்க்கரையும் பருத்தியும் அடிமைகளின் உழைப்பிலிருந்து வந்தன. அதற்கு எட்டு வருஷம் முன்புதான் எங்கள் வேலூர்க் கோட்டையில், பிடிபட்ட சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். தொடரில் இந்தியா என்பது மஞ்சள் பூசும் சடங்கு, நல்ல டீ, வளையல். அங்கே யார் யாரை ஆண்டார்கள் என்ற பேச்சே இல்லை.

அந்தக் காலத்து லண்டனில் நிஜமாகவே இந்தியப் பெண்கள் இருந்தார்கள். வெள்ளைக்காரக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கப்பலில் போன ஆயாக்கள். சென்னைத் துறையிலிருந்தும் போனார்கள். வேலை முடிந்ததும் திரும்பிவரக் கப்பல் காசு தராமல் கைவிடப்பட்டவர்கள் பலர். அவர்களுக்காகப் பிற்பாடு லண்டனில் நடத்தப்பட்ட ஆயாக்கள் இல்லம் இருந்த ஹாக்னி வீட்டுச் சுவரில் நீல நினைவுப் பலகை பதித்தது 2022இல், கேட் ஷர்மா உலகம் முழுக்கப் பிரபலமான அதே வருஷம். அந்த ஆயாக்களில் ஒருத்திகூட யாரையும் காதலித்திருக்க மாட்டாளா? துறைமுகத்தில் இறங்கிய ஒரு லஸ்கர் மாலுமி அவளைப் பார்த்துச் சிரித்திருக்க மாட்டானா? அதை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. காதல் வேண்டுமென்றால் நீ உன் வரலாற்றைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வர வேண்டும். பிரிட்ஜர்டன் எங்களிடம் பேசும் பேரம் இதுதான்.

வெளிநாட்டுக்காரர்களை மட்டும் திட்டிவிட்டு எழுந்துபோக எனக்கு மனமில்லை. நம் வீட்டுத் திரைக்கு வருவோம்.

2013இல் விஜய் டிவியில் 'மகாபாரதம்' ஓடியது. எங்கள் தெருவில் அந்த நேரம் குழாயடியில்கூட ஆள் இருக்காது. பாஞ்சாலிக்கு இன்னொரு பெயர் கிருஷ்ணை. கறுப்பி என்று அர்த்தம். வியாசர் கதையிலேயே அவள் கறுப்பு, கறுப்பாகவே பேரழகி. திரையில் வந்த பாஞ்சாலி சந்தன நிறம். அந்த நடிகை பூஜா ஷர்மா நன்றாகவே நடித்தார், அவர்மேல் எனக்கு வழக்கில்லை. கறுப்பி என்று பெயர் வைத்த பாத்திரத்துக்குக்கூட ஒரு கறுத்த பெண்ணைத் தேடாத கண்களோடுதான் என் வழக்கு. வட ஆற்காட்டில் திரௌபதி அம்மன் கோயில் இல்லாத வட்டாரம் குறைவு. பாரதக் கூத்தில் ஆண்கள் பாஞ்சாலி வேஷம் கட்டுவார்கள். அரிதாரம் வழிய, வியர்வை நாற, விடிய விடிய அந்தப் பாஞ்சாலி சபதம் போடும்போது ஊரே நடுங்கும். அவளைக் கும்பிட்டு வளர்ந்த பெண்களுக்கு, டிவிப் பாஞ்சாலி என்ன சொல்லிக்கொடுத்தாள்? உன் சாமியே உன் நிறத்தில் இல்லை என்று.

'பொன்னியின் செல்வன்' 1950களில் கல்கி எழுதிய தொடர்கதை. மணிரத்னம் 2022, 2023இல் இரண்டு பாகமாக எடுத்தார். இப்போது விழா நாட்களில் டிவியில்தான் பார்க்கிறோம். கோடிக்கரையில் படகு வலிக்கிற பூங்குழலி வெயிலிலும் உப்புக்காற்றிலும் வளர்ந்தவள். திரையில் அவள் மேனியில் வெயில் பட்ட தடமே இல்லை. இதைக் கேட்டால், "கற்பனைக் கதைதானே" என்பார்கள். ஆனால் கறுத்த பெண் இங்கிலீஷ் கவுன் போட்டால் மட்டும் அதே ஆட்களுக்கு வரலாற்றுத் துல்லியம் ஞாபகம் வந்துவிடும். "1814இல் அப்படியெல்லாம் நடந்திருக்குமா?" சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளைப் பாருங்கள், தைத்த ரவிக்கை எங்கே இருக்கிறது? திரையில் இளவரசிகள் தைத்த ரவிக்கையோடு வந்தபோது நீங்கள் துல்லியம் கேட்டீர்களா? கேட்கவில்லை. ஆக, உங்கள் துல்லியத்துக்குக் கண் உண்டு. அது ஆளைப் பார்த்துத்தான் விழிக்கும்.

சரி, கறுத்த பெண்ணைக் காட்டும் சரித்திரப் படமே நம்மிடம் இல்லையா? உண்டு. அங்கே பேரம் தலைகீழ்: வரலாறு உண்டு, காதலுக்கு இடம் குறைவு. பாலாவின் 'பரதேசி' (2013) தேயிலைத் தோட்டத்து அடிமை வாழ்வைச் சொன்னது. சொல்ல வேண்டிய கதைதான். அதில் வேதிகாவுக்குக் கறுப்புச் சாயம் பூசினார்கள். ராணி என்றால் வெளுத்த பெண்ணைத் தேடுவார்கள். அடிமை என்றால் வெளுத்த பெண்ணுக்கு மை பூசுவார்கள். நிஜமாகவே கறுத்த பெண்ணுக்கு இரண்டு பக்கமும் வேலையில்லை. கறுப்பு என்பது பசிக்கும் அழுகைக்குமான ஒப்பனை என்று ஆகிவிட்டது.

இதில் ஒரு சின்ன வாசலைத் திறந்தது பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' (2024). வட ஆற்காட்டிலிருந்து கோலார் தங்க வயலுக்குப் போன எங்கள் பாட்டன் பாட்டிகளின் கதை. அதில் பார்வதி திருவோத்து நடித்த கங்கம்மா புருஷனோடு மல்லுக்கட்டுகிறாள், அவனை ஆசையோடு பார்க்கிறாள். பெண்கள் முதன்முதலாக ரவிக்கை போட்டுப் பார்த்து வெட்கமும் சிரிப்புமாக நிற்கும் காட்சியில் என் அம்மா வாய்விட்டுச் சிரித்தார், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடிபட்ட வரலாற்றுக்கு நடுவிலும் ஆசை இருந்தது என்பதற்கு அந்தக் காட்சி சாட்சி. நான் கேட்பது அந்த ஒரு காட்சி ஒரு முழுத் தொடராக வளர வேண்டும் என்று.

"காதல்தானா இப்போது முக்கியம்?" என்று தோழர்கள் கேட்பார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பசி, கூலி, நிலம், பாலாற்றில் கலந்த குரோமியம், இவையெல்லாம் இருக்கும்போது மேட்டுக்குடிக் காதல் கதைக்கு ஏங்குவதா என்பார்கள்.

அவர்களுக்கு இரண்டு பதில் வைத்திருக்கிறேன்.

முதலாவது பி.கே. ரோஸி. ஏறத்தாழ நூறு வருஷத்துக்கு முன் திருவனந்தபுரத்தில் ஜே.சி. டேனியல் எடுத்த 'விகதகுமாரன்' என்ற மௌனப் படத்தின் கதாநாயகி. மலையாளத்தின் முதல் நாயகி ஒரு தலித் பெண், கூத்தாடி வந்தவள். அவளுக்குக் கொடுத்த வேஷம் நாயர் பெண். இன்று பன்முக நடிகர் தேர்வு என்று பெருமையாகப் பேசுகிறார்களே, அதை நம் மண்ணில் அன்றே செய்தார்கள். என்ன நடந்தது? படம் திரையிட்ட அன்று அரங்கில் கல் விழுந்தது. கதாநாயகன் அவள் கூந்தல் பூவை எடுத்து முத்தமிடும் காட்சிதான் கூட்டத்தை வெறிபிடிக்க வைத்தது என்று சொல்கிறார்கள். அவள் குடிசையைக் கொளுத்தினார்கள். தப்பி ஓடித் தமிழ்நாட்டுக்கு வந்தவள் நாகர்கோவிலில் வேறு பெயரில் வாழ்ந்து முடித்தாள். படத்தின் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. யோசித்துப் பாருங்கள். அவள் புல் அறுக்கும்போது யாரும் கல் எறியவில்லை. அழுகிற வேலைக்காரியாக நடித்திருந்தால் எறிந்திருப்பார்களா? மேல்சாதிப் பெண்ணாக வந்து, காதலிக்கப்பட்டாள். அதற்குத்தான் கல். காதல் காட்சி முக்கியமில்லை என்று நீங்கள் சொல்கிறீர்கள். கல் எறிந்தவனுக்கு அது எவ்வளவு முக்கியம் என்று தெரிந்திருந்தது.

இரண்டாவது பதில் நம் பக்கத்து மாவட்டத்தில் இருக்கிறது. 2012 நவம்பரில் தருமபுரியில், ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைக் காரணம் காட்டி மூன்று தலித் குடியிருப்புகளை எரித்தார்கள். அந்த நாட்களில் வட மாவட்ட மேடைகளில் ஒரு சொல் பரவியது: நாடகக் காதல். ஜீன்ஸ் போட்டு, கூலிங் கிளாஸ் போட்டு எங்கள் வீட்டு ஆண்கள் காதலிப்பதுபோல் நடிக்கிறார்களாம். எங்கள் காதலையே அவர்கள் நாடகம் என்று தீர்ப்பு எழுதினார்கள்.

அந்தச் சொல்லை ஒரு பெண்ணாகக் கேட்கும்போது எனக்கு இன்னொன்றும் உறைத்தது. அதில் என் அண்ணன் இருக்கிறான், குற்றவாளியாக. மேல்சாதிப் பெண் இருக்கிறாள், காப்பாற்றப்பட வேண்டிய பொருளாக. அவளுக்குச் சொந்தப் புத்தி இருப்பதாக யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. நான் எங்கே? சேரிப் பெண்ணை ஒருவன் உண்மையாகக் காதலிக்கக்கூடும், கட்டிக்கொள்ள ஏங்கக்கூடும் என்ற எண்ணம் அந்தச் சண்டையின் எந்தப் பக்கத்திலும் இல்லை. எங்கள்மேல் கை வைக்கத் தயங்காத ஆண்கள் உண்டு. எங்களுக்காகக் காத்திருக்கும் ஆண் என்பவன் யாருடைய கற்பனையிலும் இல்லை. என் டீச்சர் கண்ணிலும் இல்லை.

கற்பனையில் இல்லாவிட்டாலும் அவன் நிஜத்தில் இருந்தான். என் அப்பா டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்த்தவர். அம்மா அப்போதுதான் ஷூ கம்பெனியில் சேர்ந்திருந்தார். சாயங்காலம் கம்பெனி பஸ் வரும் நேரத்துக்கு அப்பா தெருமுனை டீக்கடையில் நிற்பார். நிற்பதற்கு முன் எலுமிச்சம்பழத்தை அறுத்து இரண்டு கையிலும் முழங்கைவரை தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வருவாராம். "அந்த நாத்தம் போவாதுன்னு அதுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனா தினம் தேச்சிக்கினு வரும்" என்று அம்மா சொல்வார். இரண்டு வருஷம் அப்படி நின்ற பிறகுதான் ஒரு வார்த்தை பேசினார்களாம். பிரிட்ஜர்டன் பிரபு கையுறையைக் கழற்றும் காட்சியைவிட இதில் என்ன குறைச்சல்? ஐம்பது மெழுகுவத்தி இல்லை, அவ்வளவுதான்.

காதலை அரசியலாகப் பார்ப்பதை நான் புதிதாகச் சொல்லவில்லை. சாதியை உடைக்க மெய்யான மருந்து கலப்பு மணம்தான் என்று அம்பேத்கர் 1936இல் எழுதினார். 1920களின் இறுதியிலிருந்தே சுயமரியாதைத் திருமணங்கள் நடந்தன. புரோகிதன் இல்லை, தாலி கட்டாயமில்லை. சட்டம் அவற்றை ஏற்க 1967 ஆனது. நாற்பது வருஷம் செல்லாத கல்யாணம் என்று ஊர் ஏசியும் சேர்ந்து வாழ்ந்த ஜோடிகள் தமிழ்நாடு முழுக்க இருந்தார்கள். இதைவிட ஒரு காதல் தொடருக்குக் கரு வேண்டுமா? நம் சேனல்கள் எடுத்ததா? இந்தியிலிருந்து ராஜபுத்திர இளவரசிகளைத் தமிழில் பேசவைத்து ஓட்டவே அவர்களுக்கு நேரம் சரியாக இருந்தது.

ஆகவே பேரம் பேசுகிறவர்களிடம் சொல்கிறேன். வரலாறா காதலா என்று எங்களை இனி கேட்காதீர்கள். இரண்டும் வேண்டும். ஒரே காட்சியில் வேண்டும்.

வேலூர் 1806ஐ எடுங்கள். சிப்பாய்களின் கோபத்துக்குக் காரணங்களில் ஒன்று புதிய தலைப்பாகையில் வைத்த தோல் சின்னம். தோலைத் தலையில் வைத்தால் தீட்டு, மதம் போய்விடும் என்று கொதித்தார்கள். அந்த உலகில், தோலைத் தொட்டே பிழைத்த வீட்டுப் பெண் ஒருத்தி கோட்டை அகழிக்கு வெளியே எங்கோ இருந்திருப்பாள். ஆவாரம்பட்டை இடித்து இடித்து உள்ளங்கை சிவந்தவள். அந்தக் கலகத்தைப் பற்றி நான் படிக்கக் கிடைத்த ஒரே பெண்குரல், கொல்லப்பட்ட தளபதி ஃபேன்கோர்ட்டின் மனைவியுடையது. பிள்ளைகளோடு ஒளிந்து உயிர் தப்பியதை அவர் எழுதி வைத்தார். நல்லது, எழுதட்டும். ஆனால் அந்த இரவில் கோட்டைக்குள் போன சிப்பாய்க்காகக் காத்திருந்த சேரிப் பெண் எழுதி வைக்கவில்லை. அவளுக்கு யாரும் எழுத்து கற்றுத்தரவில்லை. அவளை நாம்தான் எழுத வேண்டும். அவளுக்கு ஒரு பெயர் கொடுங்கள். ஒரு கோபம் கொடுங்கள். அவளைப் பார்க்க ஒருவன் அகழியைச் சுற்றிக்கொண்டு வரட்டும். அவள் வேண்டாம் என்று சொல்லவும் உரிமை கொடுங்கள், மனம் மாறி வேண்டும் என்று சொல்லவும். நடிக்க மை பூசிய பெண் வேண்டாம். எங்கள் தெருவில் வந்து தேடுங்கள், கம்பெனி பஸ்ஸில் நூறு பேர் இருக்கிறார்கள். எழுதுகிற மேசையிலும் எங்களில் ஒருத்தி உட்காரட்டும், இல்லையென்றால் அவளுக்கும் ஷர்மா என்று பெயர் வைத்துவிடுவீர்கள்.

போன வருஷம் அக்கா மகள் பள்ளியில் சரித்திர நாடகம் என்றாள். என் நிறம்தான் அவளும். என்ன வேஷம் என்று கேட்டேன். "இன்னும் சொல்லல சித்தி. ராணி கேட்டிருக்கேன்" என்றாள். அன்று ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை. மறுநாள் காலை அவளோடு நானும் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். டீச்சரிடம், "இவளுக்கு எல்லா வசனமும் தெரியும், கேட்டுப் பாருங்க" என்றேன். கேட்கும்வரை அங்கேயே நின்றேன்.